சந்தேக டப்பா

இந்த ஊரில் ஒரு பொருளைத் தூக்கி எறிவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது, பூங்காவில் கிடையாது, பேருந்து நிறுத்தத்தில் கிடையாது. அவரவர் குப்பை அவரவர் பையோடு வீடு வந்து சேர வேண்டும். வீட்டில் நிறத்துக்கு ஒன்றாக ஐந்து தொட்டிகள். வண்டி வரும் நாளில், உள்ளே இருப்பது அப்பட்டமாக வெளியே தெரிகிற பைகளில் எல்லாவற்றையும் கட்டி வாசலில் வைக்க வேண்டும். தப்பாகப் பிரித்திருந்தால் ஆரஞ்சு நிறச் சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் பையை எடுக்காமலே போய்விடுவார்கள். நாங்கள் குடிவந்த புதிதில் எங்கள் பை அப்படி ஒரு நாள் முழுக்க வாசலில் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்கள் வீட்டுத் தயிர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்தது. வந்த ரோஷம் இன்னும் இறங்கவில்லை. பழைய ஊரில் இதே மனிதர், ஓடுகிற பைக்கிலிருந்து டீ குடித்த பேப்பர் கப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீசியவர். ஏசி மெக்கானிக். கழற்றுகிற மெஷினில் இருக்கும் கேஸைப் புஸ்ஸென்று காற்றில் திறந்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பியவர். இங்கே சேர்ந்த கம்பெனியில் அந்த கேஸைச் சிந்தாமல் சிதறாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வேலையில் கற்றதை மனிதர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்.

முதலில் பிளாஸ்டிக் டப்பாக்கள் போயின. அப்புறம் கறுப்புப் பூச்சு பூசிய வாணலி போய் இரும்பு வாணலி வந்தது. தரை துடைக்கும் வாசனைத் திரவம் போனது, கொசு மருந்து போனது, குளியலறையில் தொங்கிய பூ வாசனை வில்லை போனது. பைக்கை விற்றுவிட்டு எனக்கொன்று அவருக்கொன்று என்று இரண்டு சைக்கிள்கள் வாங்கினார். ஒருநாள் காகிதப் பை ஒன்றைக் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தால், மாதாமாதம் தூரப் போடுவதற்குப் பதிலாகத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துகிற துணிகள். கடையில் நின்று அதைக் கேட்டு வாங்க அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துச் சிரித்தேன். மனிதருக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது, பிடித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எந்தத் தொட்டியில் போடுவது என்று அவருக்கே தெரியாத சாமான்களுக்காக அடுப்படி அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருந்தார். சந்தேக டப்பா என்று அதற்குப் பேர் வைத்தவள் நான். பாதி ரப்பரும் பாதி இரும்புமான கைப்பிடி, அறுந்த ஜிப், ஃபிளாஸ்க் மூடி எல்லாம் அதில் கிடக்கும். சனிக்கிழமையானால் அதிலிருந்து நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு சேகரிப்பு மையத்துக்குப் போய், அங்கே இருக்கும் பெண்ணிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கேட்பார். இவர் தலை தெரிந்தாலே அந்தப் பெண் சாப்பிடப் போய்விடுகிறாளாம். அந்த டின்னை நான் தொடுவதில்லை. அது அவருடைய ராஜ்ஜியம்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில், அந்த மனிதருக்குத் தெரியாமல் எறிவதற்கு என்னிடம் ஒரு பொருள் இருந்தது.

காலியான மாத்திரை அட்டை. கரு தங்குவதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை.

இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டும் மூன்றாம் மாதம் முடிவதற்குள், ஏறக்குறைய ஒரே வாரத்தில். இரண்டாவது முறை நான் சொன்ன அன்றைக்கே அவர் தன் வீட்டுக்கும் என் அம்மா வீட்டுக்கும் போன் செய்துவிட்டார். அந்த வாரமே மரத்தொட்டில் ஒன்றை வாங்கி வந்து, தானே பூட்டி, கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம், நான் தூங்குகிறேன் என்று நினைத்து, பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்தத் தொட்டிலைக் கழற்றினார். சத்தம் வரக்கூடாது என்று திருகாணிகளை ஒவ்வொன்றாக ஒரு துணியில் வைத்தார். அப்படியும் கேட்டது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கடைசித் திருகாணி வரைக்கும் நான் கேட்டேன். கட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டார். வாங்கிப் போனவர் பிறகு போன் செய்து, திருகாணி இல்லையே என்று கேட்டார். எங்கேயோ தொலைந்துவிட்டது என்று இவர் சொன்னார். ஒரு வாஷரைக்கூடத் தொலைக்காத மனிதர்.

இன்னொரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் ஆகாது. அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் தாண்டும் வரை அவரிடம் மூச்சுவிடுவதில்லை என்று முடிவு செய்தேன். தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன், தனியாக மருந்து வாங்கினேன். ஓடிக்கொண்டிருக்கும் அட்டையைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முதல் அட்டை காலியானதும்தான் முழித்தேன்.

வாசல் பையில் போட்டால் தெருவுக்கே தெரியும். தொட்டியில் போட்டால் அவர் எடுத்துக் கழுவுவார். நான் வேலை பார்க்கிற பல் லேபில் போடலாமென்றால் அது இன்னும் மோசம். அங்கே பல்லுக்கு உறை செய்யும்போது உதிர்கிற உலோகத் தூளுக்காகக் குப்பைத் தொட்டி முழுவதையும் சலித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். சலிப்பவர் எங்கள் மேற்பார்வையாளர். எந்த வார்த்தையையும் ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றுதான் பேசுவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் கடைவாய். கடைவாய் கையில் சிக்கினால் அது அன்றைக்கே ஏழு மேஜைக்கும் போய்விடும்.

பேசாமல் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கலாம், செய்யவில்லை. முதல் தடவை எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து, ஒரு கம்பளிச் சட்டையை உதறியபோது பாதி தின்ற மாத்திரை அட்டை ஒன்று காலடியில் விழுந்தது. அன்றைக்கு முழுக்க நான் அந்தத் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டில் எங்கே ஒளித்தாலும் ஒருநாள் அது என் கையிலேயே வந்து விழும் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர் உர டிரம்மைக் கொண்டுவந்தார். இடுப்பு உயரம், பக்கத்தில் துளைகள், மேலே இறுக்கமான மூடி. பால்கனி மூலையில் வைத்துவிட்டு என்னை நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்.

"காய்கறித் தோலு, டீத்தூளு எல்லாம் இதுல. மேல ஒரு கை காஞ்ச இலை. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ குச்சியால நல்லா கிளறிவிடணும். இது உன் டிபார்ட்மென்ட். நான் கிட்டவே வரமாட்டேன்."

"எப்ப திறந்து பாப்பீங்க?"

"மூணு மாசம். அதுவரைக்கும் அடியில கை வைக்கவே கூடாது. அப்புறம் பாரு, நீ போட்டது எதுன்னு உனக்கே அடையாளம் தெரியாது."

மூன்று மாதம் என்றதும் எனக்கு அது யாரோ எனக்காகவே சொல்லி அனுப்பியதாகப் பட்டது. அது திறக்கிற நாளுக்கு முன்பே நான் வாயைத் திறக்கிற நாள் வந்துவிடும். நல்லபடியாக நடந்தால் இருவருமாகச் சிரித்துக்கொண்டே அட்டைகளைப் பொறுக்கிவிடலாம். நடக்காவிட்டால் டிரம்மையே யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடலாம். அன்று மாலையே அவர் குளிக்கப் போன நேரத்தில் முதல் அட்டையை அடியில் சொருகி, மேலே உருளைக்கிழங்குத் தோலைப் போட்டு மூடினேன். மண்ணுக்குள் பிளாஸ்டிக்கும் தகரமும் வைக்கிறோமே என்று உறுத்தியது. ஊரைக் காப்பாற்ற ஊரில் ஆளா இல்லை என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. சைக்கிள் ஓட்டப் பயந்து முழங்கால் வலி என்றேன். மனிதர் தினமும் சாயங்காலம் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தைலம் தேய்த்தார். வலிக்காத முழங்காலுக்கு ஆ, ஊ என்று முனகி முனகி எனக்கே கூச்சமாகிவிட்டது. லேபில், ரோஸ் நிறப் பொடியையும் ஒரு நெடியடிக்கும் திரவத்தையும் கலந்து பல்செட்டுக்கு ஈறு செய்கிற மேஜை என்னுடையது. அந்த நெடி ஆகாது என்று டாக்டர் சொன்னதால் மெழுகு மேஜைக்கு மாற்றிக் கேட்டேன். அலர்ஜி என்று காரணம் சொன்னேன். கடைவாய் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "திடீர்னு வந்த அலர்ஜி, ம்," என்று மென்றுவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

எல்லாவற்றிலும் மோசம் துணிதான். எறிகிற பொருளாக இருந்தால் யாருக்கும் கணக்குத் தெரியாது. இதுவோ துவைத்துப் பால்கனிக் கொடியில் காய வேண்டிய பொருள். கொடியில் காயாவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். எனவே மாதம் ஒருமுறை சுத்தமாக இருக்கும் துணிகளை எடுத்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வரிசையாகக் கொடியில் போட்டேன். அந்த நாட்களில் வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்து என் வயிற்றின் மேல் அவரே வைப்பார். காய்ந்ததும் மடித்து இழுப்பறையில் வைப்பார். கொடியைப் பார்க்கிற அன்றைக்கு மட்டும் மனிதர் கொஞ்சம் பேச்சுக் குறைந்து போவார். வேலை அலுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பகலெல்லாம் இந்த நாடகம். இதற்கு நடுவே நிஜமான பயம் ஒன்று இருந்தது. கழிவறைக்குப் போகும்போதெல்லாம் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சுவரில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்பேன். லேபில் அடிக்கடி எழுந்து போகிறேன் என்று பக்கத்து மேஜைக்காரி முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும். பார்க்காமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

கடைசியில் காட்டிக் கொடுத்தது டிரம்தான். எனக்குக் குமட்டல் ஆரம்பித்த பிறகு அதன் மூடியைத் திறந்தாலே குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. கிளறுவதை விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே கொட்டிவிட்டு மூடிவிடுவேன். இலை போடவும் பல நாள் நிற்கமாட்டேன். காற்றுப் படாமல் உள்ளே எல்லாம் ஈரமாகிக் கூழாகி, புளித்த நாற்றம் ஒன்று மெல்லக் கிளம்பியது. எனக்கு அப்போது உலகமே நாறியதால் இது தனியாகத் தெரியவில்லை.

மாடி வீட்டில் துணி தைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் சாயங்காலம் தன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தப்பா நினைச்சுக்காத. உங்க டிரம்முல ஏதாவது செத்துக் கிடக்கா? கல்யாணத்துக்குத் தைச்ச துணிய வெளிய போட முடியல. எல்லாம் அந்த வாடையில ஊறுது."

"இல்லக்கா, மூடி சரியா சாத்தல போல," என்றேன்.

"மூடி சாத்தியே இந்த லட்சணமா," என்றார்.

நான் திரும்பியபோது என் வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். டிரம் பக்கம் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். ஒன்றும் சொல்லவில்லை. மனிதர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம். நாளைக்கு அவர் போனதும் எப்படியாவது மூக்கைக் கட்டிக்கொண்டு அட்டைகளை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் பனியனோடு உட்கார்ந்து பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்து அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நீங்க கிளம்பலையா?"

"லீவு சொல்லிட்டேன். இன்னிக்கு அத அடியோட கவிழ்த்துப் பாத்துட வேண்டியதுதான். எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"மூணு மாசம் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது நல்லா இருக்கிற டிரம்முக்கு."

"ஞாயித்துக்கிழமை நானும் இருப்பேன். ரெண்டு பேருமா பண்ணலாங்க."

"உனக்குத்தான் கிட்ட போனாலே ஒத்துக்கலையே. நான் பாக்காமலா இருக்கேன். நீ வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி வச்சிடறேன், போ."

தலைவலி என்று சொல்லித் தங்கிவிடலாமா என்று யோசித்தேன். தங்கி என்ன செய்ய. அவர் கையைப் பிடித்து இழுக்கவா முடியும். வாசற்படியில் நின்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த வாரம்தான் அந்த வாரம். இரண்டு தடவையும் போன அதே வாரம். இத்தனை நாள் பொத்தி வைத்துவிட்டு, இந்த வாரத்தில் சொல்லி, மறுநாளே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

லேபில் அன்றைக்கு ஒரு பெரிய மனிதருக்கு மேல் வரிசைப் பல்செட். மெழுகை விளக்கில் காட்டிக் காட்டிப் பற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கிற வேலை, கை நிதானமாக இருக்க வேண்டும். என் கையில் பல், கண்ணில் எங்கள் வீட்டுப் பால்கனி. இந்நேரம் மூடியைத் திறந்திருப்பார். இந்நேரம் கவிழ்த்திருப்பார். கையுறையோடு கட்டி கட்டியாக உடைத்துக்கொண்டிருப்பார். மாத்திரை அட்டையின் மினுமினுப்பு எந்த அழுக்கிலும் போகாது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. திட்டி ஒரு வார்த்தை வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைவாய் பின்னால் வந்து நின்று என் மெழுகு அச்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"முன் பல்லு ரெண்டையும் இடம் மாத்தி வச்சிருக்கீங்க. இவரு இதப் போட்டுக்கிட்டு சிரிச்சா, எதிர்ல இருக்கிறவங்க இவரவிட நல்லா சிரிப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். அச்சை மேஜையில் வைத்துவிட்டு, குரலைத் தணித்து, "வீட்டுக்குப் போங்க. அலர்ஜி முத்துனா இப்படித்தான்," என்றார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தும் அது இவர் வாயிலிருந்து ஒரு மேஜைக்கும் போகவில்லை. மென்று விழுங்கியிருக்கிறார்.

பேருந்தில் உட்கார்ந்ததும் அடிவயிற்றில் ஒரு இழுப்பு. லேசாகத்தான். அதன்பின் இன்னொன்று. பயத்தில் வருகிற இழுப்பா, வேறு இழுப்பா என்று புரியவில்லை. கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லை. நிறுத்தத்தில் இறங்கியதும் ஓட வேண்டும் போல இருந்தது. ஓடப் பயந்து நடந்தேன்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பால்கனியில் படுக்கை விரிப்பின் மேல் டிரம்மில் இருந்ததெல்லாம் பரத்திக் கிடந்தது. ஒரு ஓரத்தில் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை சேறு. தலைக்கு மேலே கொடியில், மாதாமாதம் நான் துணியைப் போடுகிற அதே இடத்தில், மாத்திரை அட்டைகள் ஆறும் கிளிப் போட்டுத் தொங்கின. கழுவியிருந்தார். எதையும் கழுவாமல் வைக்கத் தெரியாத மனிதர். எழுத்தெல்லாம் கரைந்துபோய் வெறும் வெள்ளித்தாளாக அவை காற்றில் ஆடின.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன், இல்லை. முகம் வெளிறிக் கிடந்தது.

"என்ன மாத்திரை இது?"

நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

"பேரு படிக்க முடியல. மத்தியானத்துல இருந்து பாத்துக்கிட்டிருக்கேன். இத்தனை அட்டை. எத்தன நாளா சாப்பிடறே?"

"உள்ள வாங்க, சொல்றேன்."

"இங்கயே சொல்லு. சாப்பிட முடியல உனக்கு. முழங்கால் வலிங்கறே, எவ்வளவு தேய்ச்சாலும் விடல. ரெண்டு படி ஏறுனா மூச்சு வாங்குது. மறைச்சு மண்ணுல புதைக்கிற அளவுக்கு என்ன வியாதி? புத்துநோயா?"

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. நான் வேலையில் உட்கார்ந்து அவர் சந்தோஷப்படுவாரோ என்று பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம், இந்த மனிதர் இங்கே சேற்றில் உட்கார்ந்து நான் சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"முழங்கால் வலியே இல்லைங்க," என்றேன்.

அவர் விழித்தார்.

"வியாதி ஒண்ணும் இல்ல. துணி... அந்தத் துணியெல்லாம் சும்மாதான் நனைச்சுக் காயப் போட்டேன். ரெண்டு தடவையும்."

அவர் கொடியைப் பார்த்தார். அட்டைகளைப் பார்த்தார். அப்புறம் பார்வை மெதுவாக இறங்கி என் வயிற்றில் வந்து நின்றது. எழுந்திருக்கப் பார்த்தார், கால் வழுக்கி மறுபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையெல்லாம் சேறாக இருந்ததால் என்னைத் தொடாமல் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது." கடைவாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"எந்த வாரம் இப்ப?"

"அந்த வாரம்தான்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். போனைத் தேடவில்லை. தொட்டில் பற்றிப் பேசவில்லை. "வயிறு வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். பேருந்தில் இழுத்ததைச் சொன்னேன். இத்தனை வாரத்தில் அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"இவ்வளவு நாள் தனியா பயந்துக்கிட்டிருந்தியா?"

"நீங்க ஆசைப்படுவீங்கன்னு பயம். அப்புறம் அது இல்லன்னு ஆயிட்டா..."

"ஆசப்படாமயா இருந்தேன்," என்றார். சேற்றுக் கையால் வீட்டுக்குள் காட்டினார். "ஏன் தங்கலன்னு கேட்டதுக்கு அந்த டாக்டரம்மா அன்னிக்கு என்ன சொன்னாங்க? காத்தா இருக்கலாம், தண்ணியா இருக்கலாம், பிளாஸ்டிக்கா இருக்கலாம், எதுவா வேணா இருக்கலாம்னாங்க. எதுவா வேணா இருக்கலாம்னா எல்லாத்தையும்தானே மாத்தியாகணும். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

வாணலி, வாசனைத் திரவம், கொசு மருந்து என்று வரிசையாக எனக்கு ஞாபகம் வந்தது. மனிதருக்குப் பைத்தியம் என்று லேபில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கொடியில் ஈரத் துணியைப் பார்த்த நாட்களில் அவர் ஏன் பேச்சுக் குறைந்துபோனார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. இரண்டு தடவை நான் அவருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன், இருக்கும்போதே.

அவர் கை கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை வீணாக்குகிறவர் இல்லை. நான் கழிவறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன், பார்த்தேன். ஒன்றுமில்லை. வந்து கொடியிலிருந்து அட்டைகளைக் கழற்றினேன்.

"இத எந்தத் தொட்டியில போடணும்?" என்று கேட்டேன்.

"மருந்துக் கடையில வாங்கிக்குவாங்கன்னு நினைக்கிறேன். சனிக்கிழமை கேட்டுட்டு வர்றேன். டப்பாவுல போட்டு வை," என்று குழாயடியிலிருந்து குரல் வந்தது.

சந்தேக டப்பாவை முதல் தடவையாக நான் எடுத்துத் திறந்தேன். மேலே ஜிப்பும் ஃபிளாஸ்க் மூடியும் கிடந்தன. அட்டைகளுக்கு இடம் பண்ணலாம் என்று அவற்றை விலக்கினேன். அடியில், மூலையில், ஒரு துணி முடிச்சு. தூக்கும்போதே கனத்தது. உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் அவிழ்த்துப் பார்த்தேன். தொட்டிலின் திருகாணிகள். ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை. எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

நிமிர்ந்தபோது அவர் அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

"எதுல போடறதுன்னு தெரியல," என்றார்.

"இருக்கட்டும்," என்றேன். முடிச்சைக் கட்டி இருந்த இடத்திலேயே வைத்து, மேலே அட்டைகளை வைத்து மூடினேன்.

டிரம் புதிதாக மறுபடி ஆரம்பித்திருக்கிறது. கிளறுவது இப்போது அவர் வேலை. மாடி வீட்டு அக்கா துணியை வெளியே போடுகிறார். எனக்கு இன்னும் தாண்ட வேண்டிய நாட்கள் இருக்கின்றன. இப்போதெல்லாம் நான் கழிவறையிலிருந்து வெளியே வரும்போது அவர் அங்கே எதையோ தேடுகிறவர் போல நிற்கிறார். வாயைத் திறந்து கேட்பதில்லை. ஒன்றுமில்லை என்று நான் தலையை ஆட்டுவேன். சுவரில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நிற்பார், முன்பு உள்ளே நான் நின்றது போலவே. பிறகு தொட்டிகளைப் பார்க்கப் போய்விடுவார். இன்று காலையிலும் நின்றார்.